வருக, வருக, அட்வான்ஸுடன் வருக!

அமைச்சர் வந்தால் பொன்னாடை, நடிகர் வந்தால் ஆளுயர மாலை, வெளிநாட்டு பையர் வந்தால் பூரணகும்ப மரியாதை. வருகிறவர்களை வரவேற்பதில் திருப்பூர் ஒருநாளும் குறை வைத்ததில்லை. ஒரே ஒரு கூட்டத்தை மட்டும் மறந்துவிட்டோம். ஒடிசாவின் ராயகடா பக்கமிருந்து தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸின் முன்பதிவில்லாப் பெட்டியில், கழிவறைக் கதவோரம் உட்கார்ந்தபடியே வந்து இறங்குகிற குடும்பங்களுக்கு இதுவரை யாரும் வரவேற்புப் பத்திரம் வாசித்ததில்லை. வந்தாரை வாழவைக்கும் தமிழகத்துக்கு இது அழகா? எனவே கணவன், மனைவி, பன்னிரண்டு வயதுப் பெண், மூன்று வயதுப் பையன், இரண்டு சாக்குப் பை என்று பிளாட்பாரத்தில் நிற்கும் அந்த நால்வருக்காக, மாநகரப் பெருமக்கள் சார்பில் இந்தப் பத்திரத்தை எழுதியிருக்கிறேன். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கத்தான் நினைத்தேன். அவர்கள் குடியேறப்போகும் அறையில் ஆணியடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்பதால் வெறும் தாளாகவே தருகிறேன்.

பின்னலாடைத் தலைநகரை நாடிவந்த பெருந்தகையீர்!

இந்தியா ஏற்றுமதி செய்யும் பின்னலாடையில் பாதிக்கு மேல் எங்கள் ஊர்ச் சரக்கு. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம். ஊருக்கு டாலர் சிட்டி என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறோம். ஒரு பனியன் கப்பலேற வேண்டுமானால் கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எத்தனையோ கைகள் மாற வேண்டும். அந்தக் கைகள் எங்களிடம் போதவில்லை. இருக்கிற கைகளும் கூலி கேட்கப் பழகிவிட்டன. இந்த இக்கட்டில்தான் நீங்கள் வந்து சேர்ந்தீர்கள்.

டாலர் ஊருக்குள் வரும் பாதை வேறு, நீங்கள் வரும் பாதை வேறு. இரண்டும் எந்த முச்சந்தியிலும் சந்தித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதைத்தான் நாங்கள் நிர்வாகத் திறமை என்கிறோம்.

காண்ட்ராக்டரின் கரம்பற்றி வந்த கண்மணிகளே!

உங்களுக்காக ஒரு சட்டமே இருந்தது தெரியுமா? உங்கள் ஒடிசாவில் தாதன் தொழிலாளர் என்று ஆளைப் பிடித்துப்போய் அடிமை வேலை வாங்கிய கொடுமை நாறிப்போனதால்தான் அது பிறந்தது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் சட்டம், 1979. காண்ட்ராக்டர் உரிமம் வாங்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் போட்டோ ஒட்டிய பாஸ்புக் தர வேண்டும். அதில் கூலியும் பிடித்தமும் தொழிலாளிக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். ஊரை விட்டு வந்ததற்காக மாதக் கூலியில் பாதியைப் படியாகக் கொடுக்க வேண்டும். போகவர ரயில் கட்டணம், தங்க இடம், இலவச மருத்துவம் எல்லாம் உண்டு என்றது அது. படிக்கப் படிக்க இனிக்கும். எங்கள் ஊரில் பெரும்பாலும் யாரும் படிக்காததற்குக் காரணம், சர்க்கரை வியாதியாக இருக்கலாம்.

பாஸ்புக் இல்லையே என்று நீங்கள் கலங்க வேண்டாம். காண்ட்ராக்டரின் சட்டைப்பையில் ஒரு பாக்கெட் நோட்டு இருக்கிறது. சனிக்கிழமை இரவு சம்பளம் போடும்போது அதை விரிப்பார். ரயில் டிக்கெட், அறை அட்வான்ஸ், அரிசிக்கடை பாக்கி, பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கிய ஐந்நூறு, டேமேஜ் ஆன பீஸ்களுக்குப் பிடித்தம் என்று விரல் வரிசையாகக் கீழே இறங்கும். இறங்கி முடித்த இடத்தில் மிச்சம் இருப்பது உங்கள் வாரக் கூலி. இத்தனை பிடித்தமும் சரிதானா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கணக்கு தமிழில் எழுதியிருக்கும். தமிழ் வாழ்க!

குறை இருந்தால் கம்பெனியில் கேளுங்கள். ‘இவங்க நம்ம ஆளுங்க இல்லீங்க, காண்ட்ராக்டர் ஆளுங்க’ என்பார்கள். காண்ட்ராக்டரைக் கேளுங்கள். ‘கம்பெனி பில் பாஸ் ஆகலை’ என்பார். தொழிலாளர் துறையில் கேளுங்கள். பதிவேட்டில் உங்கள் பெயரே இல்லை என்பார்கள். பெயரே இல்லாத ஆளுக்கு எப்படிக் குறை இருக்க முடியும்? தர்க்கத்தில் எங்களை யாரும் வென்றதில்லை.

ஆனாலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்படி ஒரு சட்டத்தைக் கண்டும் காணாமல் இருப்பது அரசுக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பழைய சட்டம் ஐந்து பேர் இருந்தாலே பொருந்தும்; புதியது பத்துப் பேர் இருந்தால்தான் பொருந்தும். பாதிக் கூலிப் படி என்ற பேச்சே அதில் இல்லை. கொடுக்காத காசை ரத்து செய்வது எவ்வளவு சிக்கனமான சீர்திருத்தம் பாருங்கள்! இனி ஒன்பது பேரை வைத்து ஒரு ஷெட், பக்கத்திலேயே வேறு பெயரில் ஒன்பது பேரை வைத்து இன்னொரு ஷெட் என்று தொழில்முனைவோர் தழைக்கலாம்.

பத்துக்குப் பத்தில் பாரதம் கண்ட பண்பாளரே!

உங்களுக்காக லைன் வீடு தயார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு கதவு, ஜன்னல் இருந்தால் அதிர்ஷ்டம். வரிசைக்கே ஒரு கழிவறை. காலை ஆறு மணிக்கு பக்கெட்டோடு வந்து நின்றால் கம்பெனி பெல்லுக்கு முன் முறை வந்துவிடும். ‘இந்திக்காரங்களுக்கு வீடு கொடுத்தா நாலு பேருன்னு சொல்லிப்போட்டு பத்துப் பேரு தங்கீருவாங்க’ என்று வீட்டுக்காரர் அலுத்துக்கொள்வார். நீங்கள் பேசுவது ஒடியா மொழியா, இந்தி மொழியா என்ற ஆராய்ச்சியெல்லாம் அவருக்குக் கிடையாது. அலுப்பு வாயில்தான். வாடகையை வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்காமல் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்களும் உண்டு. தலை கூடினால் அவர்களுக்கு அலுப்பும் கூடும், வரவும் கூடும்.

தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். உங்கள் அறைக்கும் மின்சாரம் உண்டு. ஆனால் அரசு மீட்டர் வீட்டுக்காரர் பெயரில். உங்களுக்கு இருப்பது அவர் மாட்டிய சப்-மீட்டர். அது ஓட ஆரம்பித்தால் முதல் யூனிட்டிலிருந்தே காசு. அரசு வீட்டுக்கு இலவசமாக விட்ட மின்சாரம், நடுவழியில் ஒருவர் கை பட்டதும் விலைப்பொருளாகிவிடும். இந்த ரசவாதத்தை எங்கள் ஊர் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் கற்கவில்லை.

பிசிறு வெட்டும் கையால் பசியையும் வெட்டும் அம்மையே!

உங்கள் கணவர் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பார். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே. அவர் கூலி வாடகைக்கும் நோட்டுக் கணக்குக்கும் சரியாகிவிடும் என்பதால் நீங்களும் வர வேண்டியிருக்கும். கைமடி, பிசிறு வெட்டுவது என்று உங்களுக்கும் வேலை இருக்கிறது. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி, உள்ளூருக்கு ஒரு கூலி, வெளியூருக்கு ஒரு கூலி. சமத்துவம் இங்கே தையல் ஊசியில் மட்டும்தான். அது யார் விரலிலும் ஒரே ஆழத்துக்குத்தான் ஏறும்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபர் 1 அன்றே சேர்ந்துவிட்டது. ஊர் அட்டையில் உங்கள் பெயர் இருந்தால் ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ தானியம் இங்கேயும் வாங்கலாம். கல்யாணம் ஆனபின் மாமனார் வீட்டு அட்டையில் பெயரைச் சேர்த்தார்களா, ஆதாரை இணைத்தார்களா, அட்டை செயல்பாட்டில் இருக்கிறதா, கைரேகை இயந்திரம் உங்கள் விரலை ஒப்புக்கொள்கிறதா என்பவை மட்டுமே பாக்கி. வயலில் கொஞ்சம், வாளிப் பிடியில் கொஞ்சம், கத்தரிக்கோல் வளையத்தில் மீதி என்று தேய்ந்த விரல் அது. ‘மறுபடி வைம்மா’ என்பார் கடைக்காரர். நாலு முறை வைத்துப் பார்த்துவிட்டு, ‘நாளைக்கு வா’ என்பார். அந்த நாளையில் பாதி நாள் கூலி போகும். அதைவிட வெளியில் அரிசி வாங்குவது மலிவு என்று உங்களுக்கே தோன்றும். திட்டம் தோற்கவில்லை, பயனாளி வரவில்லை.

மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகையும் பொங்கல் பரிசும் உங்களுக்குக் கிடையாது. அதற்கு இந்த ஊர்க் குடும்ப அட்டை வேண்டும். ஆனால் மகளிர் இலவசப் பேருந்தில் நீங்களும் ஏறலாம். நடத்துநர் எந்த மாநிலம் என்று கேட்பதில்லை. எங்கள் சட்டதிட்டங்களில் இப்படி ஒரு மனிதத்தன்மை எப்படித் தப்பிப் புகுந்தது என்று தெரியவில்லை.

கல்விக் கண் திறக்கக் காத்திருக்கும் கண்ணே!

பன்னிரண்டு வயது மகளே, உனக்கும் இரண்டு வார்த்தை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பதினான்கு வயதுவரை நீ எந்த அரசுப் பள்ளியிலும் சேரலாம். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று யாரும் உன்னைத் திருப்பி அனுப்பக்கூடாது. உன்னைப் போன்ற பிள்ளைகளைத் தேடிப்பிடித்துச் சேர்க்கிற ஆசிரியர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்ய இந்தப் பேனாவுக்கு மனம் வரவில்லை. கேள்வி வேறு. நீ பள்ளிக்குப் போனால் தம்பியை யார் பார்ப்பது?

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-லேயே மகப்பேறு நலச் சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. உன் அம்மாதான் கம்பெனி ஆளே இல்லையே, காண்ட்ராக்டர் ஆளாயிற்றே! அங்கன்வாடி மாலைக்குள் மூடிவிடும். அம்மா வர இரவாகிவிடும். ஆக, கப்பலேறும் பனியனுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் காப்பகம் நீதான். தம்பிக்குச் சோறு ஊட்டுவாய், தண்ணீர் வண்டி வந்தால் குடம் பிடிப்பாய், பக்கத்து அறை ஆண்கள் ஷிப்ட் முடிந்து வரும் நேரத்தில் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாய். பதினான்கு ஆனதும் ஆதார் அட்டையைக் கையில் கொடுத்து உன்னையும் கம்பெனிக்கு அழைத்துப்போவார்கள். இடைநின்ற மாணவி என்று உன்னை ஓர் அறிக்கை எண்ணிக்கொள்ளும். நீ நின்றாய் என்று எழுதுவார்கள். நிறுத்தியது யார் என்ற கட்டம் அந்தப் படிவத்தில் இருக்காது.

ஆடிட் நாளில் காணாமல் போகும் தியாகச் சுடர்களே!

வெளிநாட்டுக் கடைகளுக்கு மனசாட்சி உண்டு. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை அது விமானத்தில் வந்து இறங்கும். 2013 ஏப்ரல் 24-ல் வங்கதேசத்து ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தபின் அந்த மனசாட்சிக்குத் தூக்கம் குறைந்துவிட்டது. அது வருகிற நாளில் முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து இருக்கும், அவசர வழிக்குப் பூட்டு இருக்காது, கழிவறையில் சோப்பு மணக்கும். எட்டு மணி நேரம்தான் வேலை என்று சொல்லப் பழகியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பதிவேட்டில் இல்லாதவர்களுக்கு அன்று விடுமுறை. கூலி கிடையாது என்றாலும் ஓய்வுதானே! பல இடங்களில் இதுதான் நடைமுறை. ஆடிட் முடிந்ததும் சான்றிதழ் வரும். அடுத்த பருவத்துக்கு அதே டிசைனை இன்னும் குறைந்த விலைக்குத் தைத்துக் கொடுக்கச் சொல்லி மெயிலும் வரும். இரண்டையும் அனுப்புவது ஒரே தலைமை அலுவலகம்.

பேச ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் நொய்யல் ஆற்றைக் கேட்டுப் பாருங்கள். சாயத்தண்ணீரில் அது செத்துக் கிடந்ததைப் பார்த்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னது. ஆறு ஊமை, இருந்தும் அதற்காக வழக்குப் போட உழவர்கள் இருந்தார்கள். உங்களுக்கு வாய் இருக்கிறது. மொழி வேறு என்பதால் உங்களை ஊமைக் கணக்கில் சேர்த்துவிட்டோம்.

ஆபத்துக் காலத்தில் மட்டும் அண்ணன் தம்பியானவர்களே!

உங்கள் அருமையை நாங்கள் உணர்ந்த நாட்களும் உண்டு. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகாரிகளை வெட்டுகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. உங்கள் ஆட்கள் ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். அப்போது பார்க்க வேண்டுமே எங்கள் பாசத்தை! காவல்துறை இந்தியில் பேசி வீடியோ போட்டது. இங்கிருந்து முதலமைச்சர் பாட்னாவுக்குப் பேசினார். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. கம்பெனிகளில் கைகுலுக்கல், காமிரா. பொய்யை அடக்கியது நல்ல காரியம்தான். ஆனால் ஆர்டர் தேங்கிவிடுமே என்று பதறிய அதே ஊர், அந்த வாரத்தில் யாருக்காவது பாஸ்புக் போட்டுக் கொடுத்ததா? ஹோலி முடிந்தது, நீங்கள் திரும்பி வந்தீர்கள், எங்கள் பாசம் வீட்டுக்குப் போய்விட்டது.

அதற்கு முன்னால் 2020. மார்ச் 24 இரவு எட்டு மணிக்குச் சொல்லி நள்ளிரவில் நாட்டைப் பூட்டினார்கள். நீங்கள் நடந்தீர்கள். மே 8 அன்று மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் அரைபட்டார்கள். செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டார்கள்: ஊர் திரும்பும் வழியில் எத்தனை பேர் இறந்தார்கள்? அப்படி ஒரு கணக்கு இல்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். இழப்பீடு? கணக்கு இல்லாததால் அந்தக் கேள்வியே எழவில்லை என்றது. உயிரோடு இருந்தபோது பதிவேட்டில் ஏறாதவன் பிணமான பின்பு மட்டும் எப்படி ஏறுவான்?

பிறகு 2025 ஆகஸ்ட் 27. இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. ஏற்றுமதியாளர்கள் நிவாரணம் கேட்டார்கள். பருத்திக்கான 11 சதவீத இறக்குமதி வரியை அந்த ஆண்டு டிசம்பர்வரை மத்திய அரசு நிறுத்திவைத்தது. பஞ்சுக்கு நிவாரணம் வந்தது. அதைத் தைத்தவருக்கு ‘அடுத்த வாரம் ஷிப்ட் இல்லை, போன் பண்றோம்’ என்று தகவல் வந்தது.

மண்ணின் மைந்தரின் வசவைச் சுமக்கும் வள்ளல்களே!

கடைசியாக எங்களைப் பற்றியும் சொல்லிக்கொள்கிறோம். மேடைக்கு மேடை கணியன் பூங்குன்றனாரை இழுத்து வந்து ஊரெல்லாம் எமதே என்று முழங்குவோம்; மேடையை விட்டு இறங்கியதும் ‘வடக்கன்’ என்போம். உங்களைப் பான்பராக் வாயன் என்று நையாண்டி செய்து மீம் போடுவோம். அந்த மீமைப் போடும்போது நாங்கள் உடுத்தியிருக்கும் பனியன் யார் தைத்தது என்று மட்டும் பார்க்க மாட்டோம்.

எங்களுக்கும் ஒரு பழைய கதை உண்டு. திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கமிருந்து கண்டிச் சீமைக்குத் தேயிலை பறிக்கப் போனவர்கள் நாங்கள். கங்காணி முன்பணம் கொடுத்து அழைத்துப்போனார். அந்தக் கடனைக் குறித்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர். உயிர் போனாலும் துண்டு தீரவில்லை. 1948-ல் இலங்கை ஒரு சட்டம் போட்டு எங்களில் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1966-ல் பம்பாயில் சிவசேனா முளைத்தபோது அது முதலில் குறிவைத்தது தென்னிந்தியர்களைத்தான். லுங்கி கட்டியவனை ஓடச் சொன்னார்கள். தாராவியில் எங்கள் பாட்டன்மார் ஒண்டிக்கிடந்த அறையும் பத்துக்குப் பத்துதான். இவ்வளவு பட்டவர்கள் எதையாவது கற்றிருப்போம் என்று நினைப்பீர்கள். கற்றோம். கங்காணி வேலை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொண்டோம். அன்றைய கங்காணியிடம் துண்டு இருந்தது. இன்றைய கங்காணியிடம் வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது.

இங்ஙனம்,

இந்த இடத்தில் கையெழுத்துகள் வர வேண்டும். கம்பெனி முதலாளி, காண்ட்ராக்டர், லைன் வீட்டுக்காரர், தொழிலாளர் துறை அதிகாரி, தேர்தலுக்குத் தேர்தல் தொழில் வளர்ச்சி பேசும் இரு அரசுகள், கடல் தாண்டிய பையர் என்று எல்லோரிடமும் நீட்டிப் பார்த்தால் என்ன ஆகும்? ஒருவரும் போட மாட்டார். கையெழுத்து விழுந்தால் அது ஆதாரமாகிவிடும். அந்தக் குடும்பம் இந்த ஊரில் இருக்கிறது, இன்னாரிடம் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு துண்டுத் தாள்கூட இருக்கக்கூடாது என்பதில்தான் மொத்த லாபமும் இருக்கிறது. காண்ட்ராக்டர் நோட்டைத் தமிழில் எழுதுவதும், கம்பெனி ‘நம்ம ஆள் இல்லை’ என்பதும், நாடாளுமன்றத்தில் கணக்கு இல்லை என்பதும் ஒரே வேலையின் மூன்று ஷிப்ட்.

ஆகவே பத்திரத்தை மடித்துவிட்டு, இதைப் படிக்கும் தமிழ்த் தொழிலாளிக்கு ஒரு வார்த்தை. அவர்கள் வந்ததால் உன் கூலி உயரவில்லை என்று உன்னிடம் சொல்கிறார்கள். பீஸ் ரேட்டை நிர்ணயித்தது ராயகடாவிலிருந்து வந்தவனா? நாலாண்டுக்கு ஒருமுறை முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கமும் உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடுகிறார்கள். அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே ஒருவனை நிறுத்தி வைத்தால்தான் அவனைக் காட்டி உன்னை மிரட்ட முடியும். அவனை ஊரை விட்டு விரட்டினால் இன்னும் தூரத்திலிருந்து, இன்னும் பசித்த ஒருவனைக் கொண்டுவருவார்கள். அவனையும் சங்கத்தில் சேர். சந்தா ரசீதை அவன் மொழியில் அச்சடி. அவன் பெயர் பதிவேட்டில் ஏறும்வரை உன் சங்கம் கம்பெனி வாசலை விட்டு நகரக்கூடாது. இதில் எதுவும் புரட்சி இல்லை. பாதிக்கு மேல் 1979-லேயே நாடாளுமன்றம் நிறைவேற்றிக் குப்பையில் போட்டதுதான். ஒரே ஊரில் ஒரே தையலுக்கு இரண்டு கூலி இருக்கும்வரை, அதில் குறைந்த கூலிதான் எல்லோருக்கும் கூலி.